மாரி ஈரத்துக்கு யாரைக் கூப்பிடுவது: மேசனா, கொன்ராக்ட்காரரா, கொழும்புக் கொம்பனியா?

2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலின் மழை விடாமல் ஊற்றியபோது எங்கள் விறாந்தையில் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. கதிரைகளை மேசையில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து அண்ணா வாட்ஸ்அப்பில் வந்தார்.

"உங்க தண்ணி எடுக்கிற கொம்பனி ஒண்டும் இல்லையோ? இஞ்ச ஒரு கோல் அடிச்சால் வந்து மெசின் வைச்சுக் காயவைச்சிட்டுப் போவாங்கள். இன்சூரன்ஸ்காரன் காசு குடுப்பான்."

"இருக்கண்ணா. பேர் விளக்குமாறு" என்றேன்.

அவர் பகிடியாகக் கேட்கவில்லை. காசு அனுப்பத் தயாராகத்தான் இருந்தார். அதை யாரிடம் கொடுப்பது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அங்கே ஒரே கொம்பனி வந்து தண்ணீரை உறிஞ்சி, சுவரின் ஈரத்தை அளந்து, பழுதானதை வெட்டி எறிந்து, திரும்பக் கட்டியும் கொடுக்கிறது. இங்கே அதே வேலை மேசன், ஓடாவியார், வயரிங் செய்பவர், பிளம்பர், பெயின்ரர் என்று ஐந்து பேரிடம் பிரிந்து கிடக்கிறது. எவரை எப்போது கூப்பிடுவது என்ற கணக்கு வீட்டுக்காரர் தலையில். 2020 டிசம்பரில் புரெவி புயலுக்குப் பிறகு அந்தக் கணக்கைப் பிழையாகப் போட்டேன். 2024க்குப் பிறகு கொஞ்சம் யோசித்துப் போட்டேன். 2025 நவம்பரில் டித்வா வந்து அதைத் திருத்தியும் பார்த்துவிட்டது. வீடு யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம். முன்பாதி அப்பப்பா காலத்துச் சுண்ணாம்புக்கல் சுவரும் ஓட்டுக் கூரையும். பின்னால் சேர்த்துக் கட்டிய குசினியும் ஓர் அறையும் சீமெந்துக் கல், மேலே கொங்கிறீற்.

ஆளைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேட வேண்டும். மேலிருந்து வந்ததா, ஒழுங்கையால் வந்ததா, அத்திவாரத்தால் சுவறி ஏறியதா? இதில் கடைசியைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுவது. குடாநாட்டில் ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும். பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி அடியில் சேர்கிறது. ஐப்பசி தொடங்கிக் கிணற்று மட்டம் ஏறுவதைப் பார்த்துச் சந்தோசப்படுகிறோம். அதே தண்ணீர்தான் அத்திவாரத்துக்கும் கிட்ட வந்து நிற்கிறது. தாரோ பொலித்தீனோ ஈரத்தடை ஏதும் போடாத பழைய சுவர் அதைத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி இழுத்து இடுப்பளவுக்குக் கொண்டுவந்துவிடும். இதற்குமேல் நாங்களும் எங்கள் பங்கைச் செய்து வைத்திருக்கிறோம். வீதிகள் கார்பெட் போடும்போது உயர்ந்தன, வளவுகள் பள்ளத்தில் நின்றுவிட்டன. முற்றத்து மண்ணை இன்ரர்லொக் கல்லால் மூடினோம். மதிலை இடைவெளி இல்லாமல் கட்டினோம். பிறகு தண்ணீர் எங்கே போகும்?

வழியைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சில சோதனைகள் உண்டு. ஒரு சொப்பிங் பாக்கை வெட்டி விரித்து, ஈரமான இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் செலோரேப்பால் ஒட்டுங்கள். அடுத்த நாள் பாருங்கள். சுவர்ப்பக்கம் முத்து முத்தாய் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம், யன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரி. ஈரம் குளியலறைச் சுவரில் என்றால், இரவு படுக்கும்போது எல்லாப் பைப்பையும் பூட்டி, மேலே தாங்கியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை மாக்கரால் கோடு போட்டு வைத்து, விடிய ஏறிப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே போயிருந்தால் உங்களுக்கு வேண்டியவர் பிளம்பர், மேசன் அல்ல. கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடித் திட்டம் 2024இல் திறக்கப்பட்டபின் குழாய்நீர் கிடைத்த வீடுகளில் இதையே மீற்றரை வைத்துப் பார்க்கலாம். கொங்கிறீற் கூரை என்றால் வெயில் நாளில் தண்ணீர் போகும் துவாரங்களைச் சாக்கால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். எந்த மூலையில் கீழே கறை விழுகிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு வருகிறவர்களோடு கதைக்க அந்தப் படம் ஒன்றே போதும்.

முதல் இரண்டு நாள்

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. பூஞ்சணம் பிடிக்க 24 முதல் 48 மணித்தியாலம் போதும். ஊர் முழுக்க வெள்ளம் நிற்கிற நேரம் அந்த அவகாசத்துக்குள் எந்த மேசனும் கொம்பனியும் உங்கள் படலைக்கு வரப் போவதில்லை. நீங்களும் அயலும்தான். மெயின் சுவிச்சைத் தண்ணீர் ஏறுமுன் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஏறின பிறகு, ஈரக் காலோடு போய் அதைத் தொட வேண்டாம். சொக்கற் நனைந்திருந்தால் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டிய முதல் ஆள் வயரிங்காரர். சுவருக்குள் போகும் குழாயில் தண்ணீர் நாட்கணக்கில் நிற்கும், சொக்கற் காய்ந்துவிட்டது என்பது கணக்கில்லை. அவர் மீற்றர் வைத்துச் சோதித்துச் சொன்ன பிறகுதான் சுவிச் போட வேண்டும். பிறிட்ஜும் தண்ணி மோட்டரும் அப்படியே.

தண்ணீரைத் தள்ளுவதற்கு முன் இன்னொரு வேலை: சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் நனைந்த சாமான்களையும் படம் எடுப்பது. டித்வாவுக்குப் பிறகு வெள்ளம் புகுந்த வீட்டைச் சுத்தம் செய்ய அரசு 25,000 ரூபா அறிவித்தது. கிராம சேவையாளர் பார்க்க வருமுன் வீட்டைக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பவர், வெள்ளம் வந்ததை வாயால்தான் நிரூபிக்க வேண்டும். வங்கியில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள் அப்போது கையெழுத்து வைத்த காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, வெள்ளமும் அதில் அடங்குமா என்று ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்.

மலக்குழி நிரம்பி வழிந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்திருந்தால் அது வேறு கதை. அதில் ஊறிய மெத்தை, தலையணை எல்லாம் போகத்தான் வேண்டும், வெயிலில் போட்டால் சரி என்று வைக்காதீர்கள். நிலத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு குளோரின் தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் கழிவறை கழுவும் அசிட்டோடு அதைச் சேர்த்தால் நச்சுப் புகை கிளம்பும். குழியை உடனே பவுசர் பிடித்து முழுக்க வெறுமையாக்குவதும் நல்லதல்ல. சுற்றி நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது வெறுங்குழி இடியும், தாங்கி என்றால் மிதந்து கிளம்பும். கிணற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவியுங்கள். மோட்டரை வைத்து அடிமட்டும் இறைத்துத் தள்ளுகிற பழக்கம் கரையோரத்தில் உவர் நீரைத்தான் மேலே கொண்டுவரும்.

கொன்ராக்ட்காரர்

2020இல் நான் போனது இவரிடம்தான். எல்லாம் நாங்கள் பார்ப்போம், நீங்கள் திறப்பைத் தந்தால் போதும் என்றார். நானும் என்ன சொன்னேன்? "தைப்பொங்கலுக்கு முன்னம் வீட்டை வடிவாக்கித் தாங்கோ." மார்கழி நடுவில் ஆட்கள் வந்து சுவரைச் சுரண்டி, புட்டி இழுத்து, 'வோட்டர் புறூவ்' என்று எழுதிய பெயின்றை இரண்டு கோட் அடித்தார்கள். பொங்கலுக்கு வீடு கலியாண வீடு மாதிரி. சித்திரை வருசத்துக்குள் முன்னறைச் சுவர் பப்படம் பொரிந்த மாதிரிப் பொங்கி நின்றது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினேன். உள்ளே மா மாதிரி வெள்ளைத் தூள், நாக்கில் வைத்தால் உப்பு.

நடந்தது இதுதான். சுவர் உள்ளே ஊறி இருந்தது. ஈரம் வெளியே வந்து காய வேண்டிய முகத்தை நாங்கள் பெயின்றால் அடைத்துவிட்டோம். தண்ணீர் கொண்டுவந்த உப்பு பெயின்றுக்குப் பின்னால் பளிங்காகி, அதைத் தள்ளி எழுப்பியது. சீமைப் பக்கத்தில் கட்டடக்காரர்கள் ஒரு அங்குலத் தடிப்புச் சுவர் காய ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். எங்கள் பங்குனி வெயிலில் அவ்வளவு தேவையில்லை. அதற்காக மார்கழிப் பனியில் ஒன்றரை அடிச் சுவர் மூன்று கிழமையில் காயவும் மாட்டாது.

அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்டது வடிவு, அவர் தந்ததும் வடிவு. அப்படியென்றால் கொன்ராக்ட் கூடாதா? பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வீட்டில் வயதான தாய் தகப்பன் மட்டும் என்றால் ஐந்து வேலைக்காரரை ஓடிப் பிடிக்க அவர்களால் முடியாது. அங்கே பொறுப்பெடுக்கிற ஒருவர் வேண்டும், அதற்கு அவர் வைக்கும் லாபத்தைக் கொடுக்கலாம். ஆனால் வேலையை இரண்டாய் வெட்டுங்கள். இப்போது சுரண்டிக் காயவிடுவது வரை ஒரு விலை. பங்குனிக்குப் பிறகு பூச்சும் பெயின்றும் இன்னொரு விலை. முழுத்தொகை பேசி அரைவாசி முற்பணம் வாங்கியவருக்கு, சுவர் காயும்வரை காத்திருப்பதில் ஒரு சதமும் லாபமில்லை. அவரை அந்த நிலையில் வைப்பது நாங்கள்தான்.

கொழும்புக் கொம்பனி

நீர்க்கசிவு தடுக்கும் வேலைக்கென்றே இருக்கிற இவர்கள் சதுர அடிக் கணக்கு. முதலில் ஒருவர் வந்து பார்த்து, படம் எடுத்து, பிறகு விலைப்பத்திரம் அனுப்புவார். கொங்கிறீற் கூரைக்கு இவர்களைத்தான் நான் சொல்வேன். கூரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வெடிப்பை அகலமாக்கி நிரப்பி, தண்ணீர் ஓடச் சரிவு சரிப்படுத்தி, சுவர் சேருகிற மூலையில் அரை அடிக்கு மேலே ஏற்றி முழுக்க ஒரு படலம் போடுவது பழகின கைக்குரிய வேலை. பொருளைக் கடையில் வாங்கலாம். அளவாகக் கலக்கவும் எந்த ஈரத்தில் பூசலாம் என்று பார்க்கவும் அவர்களுக்குத் தெரியும். நாட்கூலி ஆள் ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு வாளி கலந்து பூசிவிட்டுப் போவார். கொங்கிறீற்றில் தண்ணீர் ஓர் இடத்தில் இறங்கி, கம்பி வழியே ஓடி, எட்டடி தள்ளி ஒழுகும். அந்தப் பூச்சு ஆருக்கு?

சிக்கல், சின்ன வேலைக்கு அவர்கள் இவ்வளவு தூரம் வர விரும்பார்கள். எங்களிடம் இருந்தது பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறை ஒன்று. பின்வளவுக்காரரின் மாடியும் ஒழுகியது. இரண்டையும் சேர்த்துக் கேட்டோம், வந்தார்கள், போக்குவரத்துச் செலவும் பாதியானது. உத்தரவாதப் பத்திரம் பத்து வருடம் என்று போட்டிருந்தால் சந்தோசப்படுமுன் அடியிலிருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். அவர்கள் பூசிய பரப்புக்குத்தான் அது. மேலே நீங்கள் தாங்கி ஸ்ராண்ட் வைத்தாலோ, டிஷ் பூட்ட ஒருவர் துளை போட்டாலோ பத்திரம் காலி. திருத்த வருகிற ஆளின் பயணச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள்.

பழைய சுவருக்கும் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள்: அடியில் வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றி ஈரத்தடை உண்டாக்குவது. ஒரே சீரான செங்கல், சீமெந்துக்கல் சுவரில் அது வேலை செய்யலாம். எங்கள் முன்பாதி, பெரிதும் சிறிதுமாய்ச் சுண்ணாம்புக்கல்லை அடுக்கி இடையில் சுண்ணாம்புச் சாந்து கொட்டிய சுவர். உள்ளே எங்கே பொந்து, எங்கே கல் என்று கட்டியவருக்கே தெரியாது. மருந்து பொந்துக்குள் போய்விட்டால் தடை எப்படித் தொடராக வரும்? கேட்டேன். வந்த பொடியன் நேர்மையானவன், "அண்ணை, உங்கட சுவருக்கு நான் கரண்டி குடுக்கமாட்டன்" என்றான். கரண்டி என்றது உத்தரவாதத்தை. அந்த ஒரு வசனத்துக்காகவே கூரை வேலையை அவர்களுக்குக் கொடுத்தேன்.

நாட்கூலி மேசனும், ஒன்றும் செய்யாமல் இருப்பதும்

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நான் பிடித்த மேசன் முதல் நாள் தந்த ஆலோசனை, ஒன்றும் செய்யாமல் இருங்கோ என்பதுதான். எழுபது வயது கிட்டும், சுண்ணாம்பு குழைத்துப் பழகின கை. சுவரைப் புறங்கையால் தடவிக்கொண்டு போய், விரல் முட்டியால் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "இடுப்பளவுக்குச் சீமெந்து பூசினது ஆர்?" என்று கேட்டார். அப்பா. ஈரம் ஏறுகிறது என்று அந்தக் காலத்தில் செய்தது. "அதுதான் தண்ணியை மேல தள்ளுது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடவேணும், தம்பி. நீங்கள் கம்பளி போத்து விட்டிருக்கிறியள்."

அவர் செய்த வேலை இவ்வளவுதான். தை பிறந்ததும் அந்தச் சீமெந்துப் பூச்சைத் தட்டி விழுத்தினார். வெளியே சுவரோடு ஒட்டி உயர்ந்திருந்த மண்ணை, வீட்டு நிலமட்டத்துக்கு அரை அடி கீழே போகும்வரை வெட்டி எடுத்தார். சுவரோரம் அம்மா வைத்திருந்த குரோட்டன் பாத்தியும் போனது (அதற்கு அம்மா இன்னும் அவரோடு கதை இல்லை). தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலியைத் திருத்தி, ஒரு சின்ன வாய்க்காலால் கோடிப்பக்கம் கொண்டுபோனார். பிறகு சுவரை நிர்வாணமாக விட்டுவிட்டுப் போய்விட்டார். தையிலிருந்து ஆடிவரை வீடு புண் வந்த மாதிரிக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம், என்ன காசு முடிஞ்சுபோச்சோ என்று கேட்டார்கள். உப்பு பூக்கப் பூக்கக் காய்ந்த தும்பு பிரஷால் தட்டி, அள்ளி வெளியே கொட்டினேன். தண்ணீரால் கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். ஆவணியில் வந்து சுண்ணாம்பும் ஆற்று மணலும் குழைத்துப் பூசினார், மேலே அடித்த வெள்ளையும் சுண்ணாம்புதான். வோட்டர் புறூவ் எதுவும் இல்லை.

ஓடாவியாரும் அதே பள்ளிக்கூடம்தான். வெள்ளத்தில் ஊதி முட்டிய முன்கதவைச் சீவித் தரச் சொன்னபோது, இப்ப சீவினால் பங்குனியில் ஒரு விரல் இடைவெளி வரும் என்று மறுத்துவிட்டார். முதிரைக் கதவு. இரண்டு மாதம் தோளால் தள்ளிப் பூட்டினோம், பிறகு தானாகவே சரியானது. ஒட்டுப்பலகை அலுமாரிக்கு அந்தப் பாக்கியமில்லை, அடிப்பலகை பாணாய் ஊறி உதிர்ந்தது.

நாட்கூலியின் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். மழை முடிந்த மாதம் நல்ல மேசன் ஆறேழு வீட்டில் ஒரே நேரம் வேலை தொடங்கி வைத்திருப்பார். சீமெந்துச் சாந்தைக் குழைத்து வைத்துவிட்டு ஆளைக் காணாத நாளும் உண்டு. பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். அத்தோடு கூலி நாட்கணக்கு என்பதால் வேலை இழுபடும். பத்திரம் இல்லை, ஆனால் அவர் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. கோவில் திருவிழாவில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். எனக்கு அது பத்து வருட உத்தரவாதத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஓடு, சீற் இரண்டுக்கும் கொம்பனி தேவையே இல்லை. உடைந்த ஓட்டை மாற்றி, இரண்டு கூரை சந்திக்கும் பள்ளப் பீலியில் சேர்ந்த சருகை அள்ளினாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும், அது புரட்டாதி வேலை. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை மட்டும் காய்ந்த நிலையில் தேய்க்கவோ வெட்டவோ விடாதீர்கள். அதன் தூசி சுவாசப்பைக்குக் கேடு.

மேசனோடு பேசும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கார்த்திகை மழை கண்ட பிறகு தருவேன் என்று சொல்லியிருந்தேன். தலையாட்டினார். கொம்பனி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேலை முடிந்த அன்றே முழுக்காசு. டித்வா வந்தபோது கொங்கிறீற் அறையில் ஒரு சொட்டு இல்லை. விறாந்தைக்கு இந்த முறையும் தண்ணீர் வந்தது, ஒழுங்கை எங்களைவிட உயரம், அதற்கு மேசனும் கொம்பனியும் ஒன்றும் செய்ய ஏலாது. முன்னறைச் சுவர் முழங்கால் அளவுக்குக் கறுத்தது. மாசி நடுவில் வெளுத்துவிட்டது, பொங்கவுமில்லை உதிரவுமில்லை.

மாசிக் கடைசியில் மேசன் மிச்சக் காசுக்கு வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார், எண்ணி வாங்கிக்கொண்டார். வெளியே வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உவையின்ர பீலி உங்கட சுவர்ப் பக்கம்தான் ஊத்துது. கதைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

இன்னும் கதைக்கவில்லை.